பிச்சைக்கண்ணுவின் காதுகள்

பாளையங்கோட்டையில் பட்டாளத்து டாக்டர் வந்து உட்காரும் கட்டிடத்துக்கு வெளியே, புளியமர நிழலில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். கட்டைக்கால் வைத்தவர்கள் இரண்டு பேர். முழங்கையோடு ஒரு கை நின்றுபோனவன் ஒருவன். மற்றவர்கள் ஒட்டிய கன்னமும் மஞ்சள் பூத்த கண்ணுமாக விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பிச்சைக்கண்ணு ஒரு குறையும் இல்லாதவன்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி இசக்கியம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அன்றைக்குப் பட்ட அந்தப் பெருமைதான் பின்னாளில் அவளை உறங்கவிடாமல் அடித்தது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த வண்டியில் இருவரும் விடிகாலையில் புறப்பட்டு வந்திருந்தார்கள். மடியில் இருந்த சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டி, "பசிக்குதா?" என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"வேண்டாம். முடிச்சிட்டுத் திங்கலாம்" என்றான் அவன், ரோட்டில் போகிறவனுக்கும் கேட்கிற குரலில்.

அவன் பட்டாளத்துக்குப் போனபோது மகள் சுடலைவடிவுக்கு ஆறு மாதம். வெள்ளைக்காரன் சண்டைக்கு ஊர்ப் பண்ணையார் ஐயம்பெருமாள் பிள்ளை தாலுகா முழுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பாலமும் ரோடும் போடுகிற பட்டாளம், துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை, மண் வேலைதான் என்றார். மண் வேலை பிச்சைக்கண்ணுவுக்குப் பிறந்தது முதல் தெரிந்த வேலை. கப்பலேறி அரபு நாட்டுப் பசராவுக்குப் போனான். நம்ம ஆற்றைவிட மூன்று மடங்கு அகலமான ஆறு, தண்ணீரெல்லாம் சேறு என்று வந்தபிறகு சொன்னான். அந்த ஆற்றில் படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பாலம் போட்டுக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டு விழுந்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் செத்துப்போனார்கள். அவனுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்தது, பிறகு மாதக்கணக்காகச் சீழ் வந்தது, அதன்பின் ஒன்றும் வரவில்லை. சத்தமும் உள்ளே போகவில்லை.

காது ஒரு வருஷத்தில் தேறிவிடும் என்று எழுதி, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் பென்ஷன் போட்டு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வருஷம் முடிந்துவிட்டது. தேறியதா இல்லையா என்று பார்க்கத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்த புதிதில் அவன் குடிசையை விட்டு வெளியே இறங்கவில்லை. எதிரே வருகிறவன் ஏதோ கேட்பான், இவன் வேறெதையோ சொல்வான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மூன்று வயது மகள் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அவள் வாயில் கையை வைத்து அது அசைவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கண்ட அன்றுதான் இசக்கியம்மா அவனை எதிரே உட்காரவைத்து, தன் முகத்தைப் பார்க்கச் சொன்னாள். நடவு முடிந்து வந்த சோர்வோடு, விளக்கை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, சோறு, தண்ணி, வயல், ஆறு என்று ஒவ்வொரு சொல்லாக உதட்டால் சொல்லிக்கொடுத்தாள். மாடு என்றாலும் பாடு என்றாலும் உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறந்தது. எது என்று பேச்சின் போக்கைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எட்டு மாதத்தில் அவன் அதையும் பிடித்துவிட்டான். முகத்துக்கு நேரே நின்று பைய யார் பேசினாலும் பதில் சொல்லத் தொடங்கினான். பாராமல் நிற்கும்போது கூப்பிட, அவள் உலக்கையைத் தரையில் ஓங்கிக் குத்துவாள். அந்த அதிர்வு பாதத்தில் ஏறித் திரும்பிப் பார்ப்பான்.

டவாலி போட்ட சேவகன் வாசலில் வந்து "பிச்சைக்கண்ணு!" என்று மூன்று தரம் கூப்பிட்டான். பிச்சைக்கண்ணு புளியம்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசக்கியம்மா தோளைத் தொட்டதும் விசுக்கென்று எழுந்தான்.

உள்ளே வெள்ளைக்கார டாக்டரும், அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தாவும் இருந்தார்கள். இசக்கியம்மா நிலைப்படியோரம் நின்றாள். குமாஸ்தா நல்ல பையன். பிச்சைக்கண்ணுவின் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

"பேரென்ன? ஊரு எது?"

பிச்சைக்கண்ணு குதிகாலைச் சேர்த்து நின்று சொன்னான்.

"எத்தன பிள்ளைய?"

"ஒண்ணு. பொம்பளப் பிள்ள."

"இங்கன எப்படி வந்தீரு?"

"வாழத்தாரு வண்டியில வந்தேன், எசமான்."

ஒரு பதிலும் தவறவில்லை. அவன் உரக்கப் பேசியதைப் பட்டாளத்துப் பழக்கம் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப் பார்க்கிற தாயைப்போல இசக்கியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சிரித்துத் தலையாட்டி, காகிதத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"ஐயா, அவுகளுக்குக் காது கேக்காது. ஒதட்டப் பாத்துச் சொல்லுதாக" என்று உள்ளே ஓரடி வைத்தாள். அதற்குள் சேவகன் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டான். அவளை நிலைப்படிக்கு வெளியே நகர்த்திவிட்டு, கட்டைக்கால்காரனுக்கு வழிவிட்டான்.

கேட்கும் சக்தி போதிய அளவு திரும்பிவிட்டது, இனிப் பென்ஷன் இல்லை என்று அடுத்த மாதம் காகிதம் வந்தது.

பிச்சைக்கண்ணு பழையபடி ஐயம்பெருமாள் பிள்ளையின் வயலில் தண்ணீர் பாய்ச்சப் போனான். அணைக்கட்டு வாய்க்காலில் மேலே நிற்பவன் குரல் கொடுப்பான், கீழே நிற்பவன் மடையைத் திறப்பான், அடைப்பான். ஆனி மாதம் வாய்க்காலில் திடீரென்று வெள்ளம் திரண்டு வந்தது. மேலே நின்றவன் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். பிச்சைக்கண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். வரப்பு உடைந்து, நட்டு மூன்று நாளே ஆன நாற்றின்மேல் மணல் ஏறியது.

"செவிடன நம்பி வயல விடலாமா? நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்லே" என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை. அவர் வாயைப் பார்த்து பிச்சைக்கண்ணு தெளிவாகப் புரிந்துகொண்டான்.

அந்த வாரமே இசக்கியம்மா மனு எழுதுகிற தானியேலைத் தேடிப் போனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தாலுகா கச்சேரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சாய்வுப்பலகையும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டார்.

"கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டான்னா, கேக்குதுன்னுதான எழுதுவாக?"

"அவுகளுக்கு அதப் படிச்சுக் குடுத்ததே நாந்தான் ஐயா."

தானியேல் புதிதாக ஒரு காகிதத்தை எடுத்துச் சாய்வுப்பலகையில் வைத்தார்.

"அப்ப அதையே எழுதுவோம். ஒதட்டப் பாத்துப் புரிஞ்சிக்கிடுதான், முதுகுக்குப் பின்னால பேசிச் சோதிச்சுப் பாருங்கன்னு எழுதுவோம். கூட ஒரு பெரிய மனுஷன் எழுத்து இருந்தா நல்லது. காது கேக்கலன்னு வேலைய விட்டு நிறுத்தினாருல்லா, ஒங்க பண்ணையாரு? அவருகிட்ட ரெண்டு வரி வாங்கிட்டு வா."

ஐயம்பெருமாள் பிள்ளை களஞ்சியத்தில் நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"இப்படி எழுதிக் குடுன்னு எங்கிட்டயா வந்து கேக்க? இந்த மாசம் இன்னும் முப்பது ஆளு அனுப்பச் சொல்லியிருக்காரு கலெக்டரு. நான் அனுப்புன ஆளு செவிடாத் திரும்பி வந்தான்னு நானே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவன் வருவான்?"

"நீங்கதான எசமான் செவிடன்னு சொல்லி நிறுத்தினீக."

"அது வயலு. இது சர்க்கார் காரியம். போ பிள்ள, வேற வேல இருக்கு."

வெறும் மனுவாகத்தான் போனது. தானியேல் கூலி வாங்கவில்லை. ஆவணி போய், ஐப்பசி போய், மார்கழியில் மறுபடியும் பாளையங்கோட்டைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. இந்தத் தடவை வண்டிக்கு வழியில்லை. முந்தின நாள் காலையிலேயே நடக்கத் தொடங்கி, வழியில் ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து போய்ச் சேர்ந்தார்கள்.

சோதனை நடந்தது மாடி மச்சில். தளம் பலகை பாவியது. வேறொரு டாக்டர் இருந்தார். மனுவைப் படித்திருந்தார் என்பது அவர் செய்ததிலேயே தெரிந்தது. பிச்சைக்கண்ணுவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். குமாஸ்தா பின்னால் நின்று பேரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், உரக்கக் கேட்டான். பிச்சைக்கண்ணு சுவரில் இருந்த விரிசலைப் பார்த்தபடி நின்றான். இசக்கியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தாடியைத் தடவினார். எழுதப் பேனாவை எடுத்தார். அவளுக்குக் கும்பிடவேண்டும்போல் இருந்தது.

பிறகு டாக்டர் என்ன நினைத்தாரோ, பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். மூலையில் ஆள் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த இரும்புப் படிக்கல்லில் ஒன்றை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டார்.

பலகைத் தளம் அதிர்ந்தது. வீட்டில் அவள் உலக்கை குத்தினால் எப்படித் திரும்புவானோ அப்படித் திரும்பினான் பிச்சைக்கண்ணு. திரும்பி, அவளைத் தேடி, லேசாகச் சிரித்தான்.

"கேக்குதுல்லா" என்றான் குமாஸ்தா.

"ஐயா, அது காதுல இல்ல ஐயா. கால்ல தெரியுது" என்றாள் இசக்கியம்மா.

"கால்லயா கேக்கும்?"

குமாஸ்தா அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொல்ல, குமாஸ்தா அதை எழுதி அடியில் கோடு போட்டான்.

திரும்பி நடக்கும்போது ஆற்றுப் பாதையில் பிச்சைக்கண்ணு உற்சாகமாக வந்தான். "இந்தத் தடவ ஒரு வார்த்த பேசல பாத்தியா? தானியேல் ஐயா சொன்ன மாதிரியே பின்னால வச்சுத்தான் சோதிச்சாக. கெடச்சிரும்" என்றான். அவள் முகத்தைத் திருப்பி நடந்ததை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். ஆற்றில் எருமை குளிப்பாட்டுகிறவர்களைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று வாயெடுப்பாள். ஒவ்வொரு நாளும் அவன், பென்ஷன் வந்ததும் கூரைக்கு ஓலை மாற்றவேண்டும், பிள்ளைக்குப் பாவாடை எடுக்கவேண்டும் என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பான். சொல்லாமலே நாள் போயிற்று. இவன் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல முடியாமல்போகும் என்று சொல்லிக்கொடுத்த நாளில் அவள் நினைத்ததில்லை.

மாசி மாதம் தாலுகா கச்சேரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போனான். பிச்சைக்கண்ணு பட்டாளத்துக் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். கழுத்துப் பொத்தான் மட்டும் இல்லை. இசக்கியம்மாவும் கூடப் போனாள்.

கச்சேரி குமாஸ்தாவுக்குக் கிட்டப்பார்வை. காகிதத்தை மூக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். காகிதம் அவர் வாயை மறைத்தது. பிச்சைக்கண்ணு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"மேற்படி பிச்சைக்கண்ணுவுக்குக் காது கேட்கிறதென்றும், செவிடனைப்போல் நடித்து சர்க்காரை ஏமாற்ற முயன்றான் என்றும் டாக்டர் கண்டிருப்பதால், அப்பீல் தள்ளப்பட்டது. இனி இந்த விஷயமாக மனு எதுவும் வாங்கப்படமாட்டாது." குமாஸ்தா காகிதத்தை மேஜையில் வைத்தார். அடியில் ஒரு வரி எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "மேற்கண்ட உத்தரவை வாசிக்கக் காதால் கேட்டு அறிந்துகொண்டேன்." பிறகு மைப்பெட்டியைத் தள்ளினார். "ரேகை வைக்கச் சொல்லு" என்றார் இசக்கியம்மாவிடம்.

மைப்பெட்டியைக் கண்டதும் பிச்சைக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. பட்டாளத்தில் சம்பளம் வாங்கும்போதுதான் அவன் ரேகை வைத்திருந்தான். போன வருஷப் பென்ஷனும் ரேகை வைத்துத்தான் கையில் வந்தது. இசக்கியம்மா அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவனே கட்டைவிரலை மையில் ஒற்றி, இப்படியும் அப்படியும் உருட்டி, ஒரு வரிகூடக் கலையாமல் முழுசாகப் பதித்தான்.

"போதுமா எசமான்?" என்றான். கச்சேரியில் இருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பையப் பேசச் சொல்லு பிள்ள. இங்கன எங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் குமாஸ்தா, மை உலர ரேகையின்மேல் மணலைத் தூவி.

பிச்சைக்கண்ணு கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டான். எவ்வளவு பென்ஷன் போட்டிருக்கிறார்கள் என்று அவள் சொல்வாள் என, இசக்கியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.