மூன்றாம் வரிசைக்குப் போன அழைப்பு

புது பூட்ஸைப் பழக்குவதற்காக எல்வீரா ஒரு மாதமாக வீட்டைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கோழிக்கூண்டு, அங்கிருந்து முட்டைக்கோஸ் பாத்தி, திரும்ப சமையலறை. முதல் நாள் மிரண்ட கோழிகள் பிறகு பூட்ஸ் சத்தம் கேட்டாலே தீனி வருகிறதென்று ஓடிவர ஆரம்பித்தன. எழுபது வயதில் குதிகால் தோல் புதிதாக உரிந்து, புதிதாகக் காய்த்தது. இலையுதிர் காலத்தில் இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் மலைப்பாதை ஏறும் ஆசையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கோடைதான்.

நேடா ஊரிலிருந்து கடலோரமாகவே நடந்து தெய்ஷீதோவிலுள்ள புனித அந்திரேயா கோயிலுக்குப் போய்ச்சேரும் பயணம் அது. இப்போதெல்லாம் அதற்கு வழிகாட்டி உண்டு, பையையும் களைத்தவர்களையும் ஏற்றிக்கொள்ள வேன் உண்டு, சாயங்காலமானால் வெந்நீரும் மெத்தையும் உண்டு. எல்வீராவின் இளமையில் சணல்கயிற்றுச் செருப்பும், துணியில் முடிந்த ஆக்டோபஸ் அடையும்தான் ஏற்பாடு. இருட்டுமுன் கிளம்பினால் மறுநாள் போய்ச்சேரலாம். யாருக்காவது கால் நொந்தால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவ்வளவுதான் வைத்தியம்.

அவள் இரண்டு இடம் பதிவு செய்திருந்தாள். ஒன்று தனக்கு, இன்னொன்று புருஷன் எலாதியோவுக்கு. எலாதியோ இறந்து ஒன்பது வருடமாகிறது.

அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் விசேஷமில்லை. உயிரோடு இருக்கும்போது அந்திரேயாவிடம் போகாதவர்கள் செத்த பிறகாவது போய்த்தான் ஆகவேண்டும். பல்லியாகவோ தேரையாகவோ ஊர்ந்து போவார்கள், அதனால் அந்தப் பாதையில் யாரும் பல்லியைக் கல்லால் அடிப்பதில்லை. வீட்டு மனிதர்கள் அழைத்துப் போனால் ஊரவேண்டிய அவசியமில்லை. முந்தின நாள் கல்லறையில் தட்டி, நாளைக்குக் கிளம்பு என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அந்த ஆளும் பயணி. அவருக்கு இருக்கை, படுக்கை, தட்டு எல்லாம் வைத்தாகவேண்டும்.

பதிவு செய்தபோது கொருஞ்ஞா நகரத்து ஆபீஸ் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கவில்லை. எலாதியோவின் அடையாள எண்ணைக் கேட்டாள், எல்வீரா மனப்பாடமாகச் சொன்னாள். சாப்பாட்டில் ஒவ்வாதது ஏதாவது உண்டா என்று அடுத்த கேள்வி.

"முன்னெல்லாம் இறால் ஒத்துக்காது. இப்ப ஒன்னும் இல்லம்மா."

மறுநாள் வழிகாட்டி இரியாவே போனில் கூப்பிட்டாள். சேதெய்ரா துறைமுகத்துப் பெண், இன்னும் முப்பது ஆகவில்லை. ஐயா எப்போது தவறினார் என்று மட்டும் கேட்டாள். பிறகு, வேனில் அவருக்கு ஜன்னலோரம் வேண்டுமா, நடைபாதைப் பக்கமா என்றாள். எல்வீராவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இரியா பையைப் பார்க்க வந்தாள். முதுகுப்பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து உப்பிட்ட பன்றித்தொடை ஒரு துண்டு, வாணலி ஒன்று, ஒரு கட்டு மெழுகுவர்த்தி, எலாதியோவின் கம்பளிச் சட்டை எல்லாம் வெளியே வந்தன. வாணலியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மட்டும் மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். கொப்புளம் வருமுன்பே விரல்களுக்கு வாஸலின் களிம்பு தடவவேண்டும், மழைச்சட்டை மேலாக இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கிளம்பும்போது, வேன் நிறைந்துவிட்டது, லூகோவிலிருந்து ஒரு தம்பதி கடைசி நேரத்தில் சேர்ந்திருக்கிறார்கள், எலாதியோ ஐயாவின் இடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

மத்தியானம் எல்வீரா நாத்தனார் டொசிந்தாவோடு கல்லறைக்குப் போனாள். டொசிந்தாவுக்கு முழங்கால் போய்விட்டதால் பயணத்துக்கு வரவில்லை. ஆனால் அண்ணனை அழைக்கும்போது கூட இல்லாவிட்டால் எப்படி? அந்தக் கோயில் பங்கில் கல்லறைகள் சுவரில் மாடம் மாடமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எலாதியோ உச்சியில், நான்காம் வரிசை. சக்கரம் வைத்த இரும்பு ஏணியைக் கோயில்பிள்ளை சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு ஃபெரோலுக்குப் போயிருந்தார்.

எல்வீரா குடையைத் தலைகீழாகப் பிடித்து எட்டினாள். நான்காம் வரிசை எட்டவில்லை. ஒரே சுவர்தானே, சத்தம் மேலே போகாதா என்று மூன்றாம் வரிசைக் கல்லிலேயே மூன்று தட்டு தட்டினாள். "எழுந்திருங்க. நாளைக்கு அந்திரேயாகிட்ட போறோம், காலையிலேயே கிளம்பணும்" என்றாள்.

டொசிந்தா அண்ணாந்து அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"அண்ணி, யாரைக் கூப்பிட்டீங்க?"

"உங்க அண்ணனைத்தான்."

"பேரைச் சொல்லலையே. தட்டினது செகுந்தினோ கல்லு. கீழ் வீட்டுக் கதவைத் தட்டினா மாடிக்காரனா இறங்கி வருவான்?"

எல்வீரா குடையைச் சட்டென்று கீழே இறக்கினாள். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. செகுந்தினோவும் எலாதியோவும் சிறு வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். கப்பல் கட்டும் தளத்தில் ஒரே ஷிப்ட், கடலில் இருவருக்கும் பொதுவாக ஒரு சிறு படகு. எலாதியோவின் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செகுந்தினோ அந்தப் படகை விற்றுவிட்டார். இனி அவனால் கடலுக்குப் போக முடியாது என்பது அவர் கணக்கு. அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு முடியாதென்று அவன் யார் முடிவு பண்ண என்று எலாதியோ கேட்டார். அதற்கப்புறம் சாகும்வரை இருவரும் ஒரே மதுக்கடையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து குடித்தார்கள். முதலில் எலாதியோ போனார். மறு வருடம் செகுந்தினோ. காலியாக இருந்த மாடம் அது ஒன்றுதான். உயிரோடு முகம் பார்க்காதவர்கள் இப்போது அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது.

வீடு வந்து சேரும்வரை டொசிந்தா விடவில்லை. ஒரே இருக்கை. அதில் செகுந்தினோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அண்ணன் படியிலேயே திரும்பிவிடுவார். அப்புறம் பல்லியாக ஊரவேண்டியதுதான். செகுந்தினோவுக்கு என்ன குறை, அவன் இள வயதிலேயே போய்வந்தவன்.

"சாயங்காலம் ஏணி வந்ததும் போய் வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணி. தெரியாம நடந்து போச்சுன்னு சொல்லுங்க. அவனுக்கு ரோஷம் உண்டு, வரமாட்டான்."

எல்வீரா சரி என்றாள். கூப்பிட்டவரை வேண்டாம் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆனாலும் சரி என்றாள்.

டொசிந்தா உள்ளே கண்ணயர்ந்தபோது அவள் கோழிக்கூண்டருகே உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைத் தளர்த்தினாள். செகுந்தினோ போய்வந்த அந்தச் செப்டம்பர் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊர் இளவட்டம் முழுக்கக் கிளம்பிய வருடம், அவளுக்கும் எலாதியோவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பாந்தின் கடற்கரைக்கு வந்தபோது மழை கொட்டிவிட்டு நின்றது. மணல் கறுத்துக் கிடந்தது. கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்றார் எலாதியோ. கால் வலி பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சீட்டியடித்துக்கொண்டும் துருத்திக்குழல் ஊதிக்கொண்டும் நடந்தார்கள். செகுந்தினோ மட்டும் நின்று, வந்ததற்குச் சாட்சியாக வழியில் கல்குவியலில் போட ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்களே, அந்த இரண்டு கற்களையும் கேட்டு வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். துருத்திக்குழல் சத்தம் குன்றுக்கு அந்தப் பக்கம் இறங்கித் தேய்வதுவரை அவளும் எலாதியோவும் காத்திருந்தார்கள். பிறகு அடையைப் பிட்டுத் தின்றார்கள். மணல் கடிபட்டது. அடுத்த வருடம் போகலாம் என்றார் அவர். அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக அவள் வாழ்க்கையில் இன்னொன்று வரவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த அடுத்த வருடமும் வரவில்லை. கல்யாணம், குழந்தை, ஷிப்ட், பிறகு இருமல்.

செகுந்தினோ திரும்பி வந்தபோது வர்ணம் பூசிய ரொட்டிப் பொம்மைகளைச் சிவப்பு நூலில் கோத்து அவளுக்காகக் கொண்டுவந்திருந்தார். படகு ஒன்று, கை ஒன்று, அந்திரேயா ஒன்று. வண்டு அரிக்கும்வரை அவை சுவரில் தொங்கின.

வெயில் தாழ்ந்ததும் கோயில்பிள்ளை வந்து சங்கிலியைக் கழற்றினார். ஏணியின் காலை டொசிந்தா பிடித்துக்கொள்ள, எல்வீரா பூட்ஸோடு ஏறினாள். மூன்றாம் வரிசையில் நின்றாள். சுற்றிலும் எல்லாக் கற்களிலும் பூவோ விளக்கோ இருந்தது. செகுந்தினோவின் கல்லில் பறவை எச்சம். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஒரே அக்காவும் புவெனஸ் அயர்ஸ் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். இத்தனை வருடத்தில் இந்தக் கல்லை யாராவது தட்டியிருக்கிறார்கள் என்றால் அது இன்று மத்தியானம்தான்.

"செகுந்தினோ அண்ணே, மத்தியானம் நான் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"சொல்லுங்க அண்ணி" என்று கீழிருந்து டொசிந்தா அவசரப்படுத்தினாள்.

எல்வீரா கழுத்துத் துணியை அவிழ்த்து எச்சில் தொட்டு அந்தக் கல்லைத் துடைத்தாள். பெயர் முழுசாகத் தெரியும்வரை துடைத்தாள்.

"காலையில கிளம்பணும். தாமதம் பண்ணிடாதீங்க" என்றாள்.

பிறகு இன்னும் இரண்டு படி ஏறி, நான்காம் வரிசைக் கல்லை வெறும் கையால் தட்டினாள். இந்தத் தடவை எலாதியோவின் முழுப் பெயரையும், அவர் அப்பா பெயரையும், வீட்டுப் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

"எழுந்திருங்க. நாளைக்குப் போறோம். செகுந்தினோவும் வர்றாரு, நான்தான் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தாலும் சரி, வந்தாகணும். பாந்தின்ல கால் வலிக்குதுன்னு உக்காந்துடலாம்னு நினைக்காதீங்க. இந்தத் தடவை நான் உக்கார மாட்டேன்." கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, "அப்ப உக்காந்தது போதும்" என்றாள்.

இறங்கி வந்தவளை டொசிந்தா கோபமாகப் பார்த்தாள். ஆனால் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் வரமாட்டாரு."

"கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, செகுந்தினோ பார்க்க வந்தானான்னு தினமும் கேட்டாரு. வாசல்ல வந்து நின்னுட்டுப் போனாருன்னு நான் சொன்னேன். போகட்டும்னாரு. மறுநாள் திரும்பவும் கேட்டாரு." எல்வீரா கழுத்துத் துணியை உதறினாள். "வருவாரு."

டொசிந்தா ஏணியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்வீரா இரியாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வேனில் எப்படிப் பார்த்தாலும் ஒரே இருக்கைதான், ஆனால் சாப்பாட்டு மேசையில் இன்னொரு தட்டு வைக்கலாம் என்றாள்.

"ஒரு தட்டு போதும் கண்ணு, ரெண்டு பேரும் அதிகம் தின்னுறவங்க இல்ல. ரெண்டு கிளாஸ் வை. வேன்ல என் இடத்தையும் சேர்த்து அவங்களுக்குக் கொடுத்துடு, ஆளுக்கொரு ஓரமா உக்காரட்டும்."

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க எல்வீராம்மா?"

"நடுவுலதான்" என்றாள் எல்வீரா. "வேற எங்க?"