படத்திறப்புக்கு ஒரு முகம்

திங்கட்கிழமை காலை பிலோமி டீச்சர் கம்ப்யூட்டரைப் போட்டு, இணையத்தில் அந்தப் படம் வரையும் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் தாள்தான் வந்தது. மூடித் திறந்தாள். மறுபடியும் வெள்ளை.

திருவொற்றியூரின் அந்தச் சின்னப் பள்ளிக்கு இணைய இணைப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் களிமண்ணில் ஒன்றைச் செய்ய வேண்டும். பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையில் மவுசால் வரைய வேண்டும். ஒருநாள் பயிற்சியில் டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். தன் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

வெள்ளிக்கிழமை கார்குழலி தன் அப்பாவின் முகத்தைச் செய்தாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு சரிந்து பீம்ராவ் செத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சடையங்குப்பத்து வீட்டிலிருந்த போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் போன வருஷ வெள்ளத்தோடு போயிருந்தன. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு, திறக்கத்தான் படமில்லை. அந்தப் பெண் புருவத்துத் தழும்பைக்கூட மறக்காமல் மண்ணில் கீறினாள். திரையிலும் அப்படியே வரைந்தாள். மகளைக் கூட்டிப்போக வந்த யசோதரா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தேம்பினாள். பிரிண்டருக்கு மை வந்ததும் திங்கட்கிழமை எடுத்துத் தருவதாக பிலோமி வாக்குக் கொடுத்தாள்.

பள்ளியில் களிமண் ஒரே ஒரு தொட்டிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்ததையெல்லாம் பிசைந்து அதிலேயே போட்டுவிட வேண்டும், அடுத்த வகுப்புக்கு. கார்குழலி மட்டும் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இது மட்டும் இருக்கட்டும் மிஸ்."

"காஞ்சா வெடிச்சிடும்டி. அதான் கம்ப்யூட்டர்ல கீதுல்ல? அது அழியாது."

கார்குழலி முதலில் மூக்கை அமுக்கினாள். பிறகு மொத்தமாகப் பிசைந்தாள். பிலோமி திரையைத் துணியால் மூடி, வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினாள். விளக்கை அணைத்தால் கரும்பலகையில் எழுதியது போய்விடுமா என்ன? அப்படித்தான் நினைத்தாள். சேமிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது; வரைந்த படத்தை மறுநாள் தேடும் வேலை இதுவரை வந்ததேயில்லை. பாவி, குழந்தையின் கையாலேயே அதன் அப்பாவை அழிக்க வைத்தேனே என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

கார்குழலி பக்கத்தில் வந்து வெள்ளைத் திரையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "இன்னொரு தபா வரைடி கண்ணு," என்று பிலோமி மவுசைத் தள்ளினாள். அவள் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள்.

"அப்பா வரல, வேற யாரோ வராங்க மிஸ்."

அப்போது வாசலில் யசோதராவின் குரல் கேட்டது. "டீச்சர், ரெடியாய்ட்ச்சா? பிரேம் வாங்கியாந்துட்டேன். அளவு செரியா கீதான்னு பாருங்க."

பிலோமி வாயைத் திறப்பதற்குள் கார்குழலி முந்திக்கொண்டாள்.

"மிசின் ரிப்பேரும்மா. நாளைக்குத் தராங்களாம்."

"செரி, ஞாயித்துக்கெயமக்குள்ள வந்தா போதும்."

யசோதரா பிரேமைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்துக் காட்டினாள். கண்ணாடிக்குள் கடைக்காரன் மாதிரிக்குச் செருகியிருந்த படத்தில் யாரோ ஒருவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் அந்தக் கண்ணாடியை மெல்லத் துடைத்தாள்.