ஆறு மில்லிமீட்டர் குழாய்க்கு ஒரு பம்பு

...அப்படியென்றால் பெட்டியில் எண்ணூறு லிட்டர் என்று போட்டிருப்பது பொய்யா, பொய் இல்லை, மணிக்கு எண்ணூறு லிட்டர் தள்ளத்தான் செய்கிறது, குழாயை மாட்டாதவரை, மாட்டிவிட்டால் சளி பிடித்த மூக்குப் போல ஒழுகுகிறது... குளியலறையில், வாளிக்கு முன்னால், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குந்தியிருந்தவனுக்கு இப்போதுதான் உறைத்தது, வாங்கும்போது பார்க்க வேண்டியது எத்தனை லிட்டர் என்பதை அல்ல, எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதை. ஆறு மில்லிமீட்டர் குழாய், அதற்குள் தண்ணீரை அனுப்புவது பெருங்கூட்டத்தை ஒற்றைக் கதவு வழியாக வெளியேற்றுவது மாதிரி, ஆள் நிறைய இருந்து என்ன பயன், பின்னாலிருந்து முட்டித் தள்ள ஒருவன் வேண்டும். தடித்த குழாய் வாங்கியிருக்கலாம், ஆனால் கணினிப் பெட்டிக்குள் அது வளையவில்லை, வளைத்தால் மடிந்தது, மெல்லியதே போதும் என்று சொன்னது யார், இவன்தான் சொன்னான், இவனேதான் தலையையும் ஆட்டிக்கொண்டான்.

எல்லாம் அவள் குரலுக்காக. மனைவி ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவள், இருப்பதோ ஒரே அறை, அந்தக் கோடியில் அவளுடைய மைக், இந்தக் கோடியில் கட்டடப் படங்களை மணிக்கணக்கில் தயாரிக்கும் இவனுடைய கணினி, அதைக் குளிரவைக்க நான்கு விசிறிகள், அவற்றைக் கழற்றிவிட்டுக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் குளிரவைக்கத்தான் இந்தப் பாடு. பத்தாம் அத்தியாயத்தைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பின்னணியில் மில் ஓடுகிறதாம். காலையில் அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை, டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குள்ள சரியாகலன்னா நாளையிலேர்ந்து அக்கா வீட்ல போய்ப் பதிவு பண்ணிக்கிறேன். நீங்க நிம்மதியா இருங்க." நாளையிலிருந்து என்றால் எந்த நாள்வரை... கேட்டிருக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்றுதான் கேட்கவில்லை. அந்த அக்காவின் கணவர், இவனுடைய சகலை, வீட்டு மோட்டார் கடை வைத்திருப்பவர், ஊரில் பாதித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றியவருக்கு இது தெரியாதா என்று நம்பிக்கையோடு போன் செய்தான். எத்தனை மாடி என்று கேட்டார். மாடி இல்லை, மேசைக்கு அடியில், ஒரு முழம் உயரம் என்றான். "ஒரு முழத்துக்குப் பம்பு எதுக்கு சகலை, வாயால ஊதி விடுங்க."

மறுபடி கடைக்கு ஓடி வாங்கிவந்த இரண்டாவது பம்பு முந்நூறு லிட்டர்தான், ஆனால் மூன்று மீட்டர் ஏற்றும் என்று போட்டிருந்தது. முக்காலிமேல் ஏறிக் குழாயின் நுனியைக் கூரைவரை தூக்கினான், தண்ணீர் விடாப்பிடியாக ஏறிவந்து இவன் சட்டைக் கைக்குள் இறங்கி இடுப்பில் வெளியேறியது, அட, இதுவல்லவா பம்பு... ஆனால் ஒரு முனகல், விசிறியைத் துரத்திவிட்டு வண்டைக் குடிவைத்தது போல. பன்னிரண்டு வோல்ட்டை எட்டாகக் குறைத்தான், ஏறும் உயரம் பாதியானது, இந்தக் குழாய்க்கு அது போதும், பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அடியில் வைத்தான், முனகல் நின்றது, நின்றதா, இல்லை பம்பே நின்றுவிட்டதா, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான், ஓடுகிறது.

மாலைக்குள் மாட்டியாயிற்று, ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளியே போயிருந்தவள் வந்ததும் மைக்கைப் போட்டாள், இப்படி உட்காருங்க, ஒரு பக்கம் வாசிக்கிறேன் என்றாள். உட்கார்ந்தான். வாசித்தாள். அது என்ன டிக், கடிகாரமா, கடிகாரம்தான், இதோ குழாயில் ஒரு குமிழி போகிறது, போகட்டும், அவள் மூச்சு வாங்கும் இடங்களில் திரையில் ஒலியைக் காட்டும் கோடு படுத்தே கிடக்கிறது, அசைவே இல்லை, மில்லை மூடியாகிவிட்டது, சகலையிடம் சொல்ல வேண்டும், ஊதி விடுங்களாமே... அவள் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றினாள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கதையில அந்த வாத்தியார் ஏன் பொய் சொன்னார்னு கேக்கறவங்களுக்குப் புரியுமா? அங்கதான் எனக்குச் சரியா வரல. நீங்க சொல்லுங்க."

வாத்தியாரா... எந்த வாத்தியார், யாரிடம் என்ன பொய், மூன்று மாதமாக இதே அறையில்தானே வாசிக்கிறாள், இதற்கு முன்னாலும் இப்படிக் கேட்டிருக்கிறாளா, இவன் என்ன சொன்னான், அக்கா வீட்டில் அமைதி மட்டும்தான் இருக்கிறதா, இல்லை, அவள் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கவும் ஆள் இருக்கிறதா... அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், அறையில் ஒரு சத்தமும் இல்லை, சாக்குச் சொல்வதற்குக்கூட.