காலிப் பெட்டியில் ஐம்பத்தெட்டு சதவீதம்

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு காலிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஈரப்பதம் ஐம்பத்தெட்டு சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. காலிப் பெட்டிக்குள் அவ்வளவு ஈரம் எப்படி வந்தது என்று சித்தப்பா தலையைப் பிய்த்துக்கொள்கிறார். எனக்குத் தெரியும். நாளை காலை பதினொரு மணிக்கு மெக்கானிக் வந்து திறந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இது என் பதினோராவது நோட்டு. மற்ற பத்தும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

(எடுத்த எடுப்பிலேயே இப்படிப் போட்டு உடைத்தால் கதையில் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்பீர்கள். சித்தப்பா மிச்சம் இருக்கிறார்.)

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"மழை ஓய்ந்த ஒரு மாலையில்..." மழையே பெய்யவில்லை.

"மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் கேமரா என்பது..." என்று ஆரம்பித்து அரைப் பக்கம் ஓடியது. எனக்கே கொட்டாவி வந்தது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: சாதாரண கேமராவைவிட அதன் சென்சார் பெரியது. எடுத்த படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கண் இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"வெட்கப்படும் பெண் ஒருத்தி..." இதையும் பாதியில் விட்டேன். அவள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவளுக்குக் குரல் எழும்பாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வருஷம் முழுக்க வராதவள் ஆகிவிட்டாள். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். தினமும் வந்தேன் என்று மறுத்துச் சொல்லவும் குரல் வேண்டுமே. பத்தாவதோடு சரி. இப்படி ஒரு பாத்திரத்தை யார் நம்புவார்கள்? அதனால் அவளை ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பாஸ்போர்ட் படங்களின் பின்னணியை வெள்ளையாக்கும் வேலையைக் கொடுத்துவிட்டேன்.

சரி, கொடுத்தது நானில்லை. சித்தப்பா.

3

சித்தப்பாவை நம்பவைப்பது அதைவிடக் கஷ்டம்.

அவர் எடுப்பது பாஸ்போர்ட் படங்கள். ஒரு உள்ளங்கையில் நாலு அடங்கும். அதற்காகச் சுவரளவு படம் எடுக்கிற கேமராவை மூன்று வருஷமாகப் பரிசீலித்துவருகிறார். கேமரா இன்னும் வரவில்லை. ஆனால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைப்பதற்கென்று, கண்ணாடிக் கதவு போட்ட ஈரம் உறிஞ்சும் பெட்டியை முதல் மாதமே வாங்கிவிட்டார்.

"பொண்ணே பாக்கல, தொட்டில் வாங்கிட்டு வந்துட்டாரு," என்பாள் சித்தி, கல்லாவில் உட்கார்ந்தபடி.

பெட்டி காலியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கேமராவின் படத்தை நிஜ அளவில் அச்சடித்துக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினார். கண்ணாடி முழுக்க மறைந்தது. லென்ஸ்களைத் தனித்தனியாக அச்சடித்துக் கத்தரித்து வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை மாற்றுவார்.*

"லைட்டை அணை! ஃபேனை நிறுத்து!"

"எதுக்குங்க?" என்பாள் சித்தி.

"லென்ஸ் மாத்தப் போறேன். சென்சார்ல தூசி விழுந்துடும்."

"அது பேப்பருங்க."

"பழக்கம் வரணும்ல?"

ஒருநாள் ஒரு கம்பெனியின் லென்ஸை வேறொரு கம்பெனியின் கேமரா பாடியில் ஒட்டப் பார்த்தார். வாய் பொருந்தவில்லை. நடுவில் ஒரு காகித வளையம் வெட்டிச் சொருகினார். அதுதான் அடாப்டர். அப்புறம், அடாப்டர் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறுமே என்ற கவலையில் அன்று மதியம் சாப்பிடவில்லை.

[இங்கே சித்தப்பாவைக் கொஞ்சம் குறைத்து எழுதலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.]

* கடையை மூடும்போது அந்தக் காகித லென்ஸின்மேல் கறுப்பு வட்டம் ஒன்றை ஒட்டுவார். அது மூடி. அது ஒருமுறை காணாமல்போய், மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.

4

பெட்டியைச் சித்தப்பா திறக்கவே மாட்டார். திறந்தால் வெளியில் இருக்கும் ஈரம் உள்ளே போய்விடும். சித்தி தொடமாட்டாள், தொட்டால் அவர் கத்துவார். வீட்டிலும் கடையிலுமாகச் சேர்த்து, சித்தி தூசி தட்டாத ஒரே இடம் அதுதான். மாற்றுச் சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

எனக்கு அப்படியோர் இடம் தேவைப்பட்டது. இந்தப் பதினொன்றுக்கும் முன்னால் ஒரு கதை நோட்டு இருந்தது. கணக்கில் சேர்க்காத நோட்டு. அது சித்தி கையில் சிக்கியது. சாப்பிடும்போது அதை ஒவ்வொருவர் குரலிலும் நடித்துப் படித்துக் காட்டினாள். நன்றாகத்தான் நடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆக, பெட்டி. கேமரா வராதவரை என் நோட்டுகள் பத்திரம். கேமரா வந்தால் கதவு திறக்கும்.

"இந்த வாரம் ஆர்டர் போட்டுடறேன்மா," என்றார் சித்தப்பா ஒருநாள். "எண்பது எம்எம் லென்ஸோட."

என் வாய் தானாகத் திறந்தது.

"சித்தப்பா... அதுல ஃபோகஸ் ரொம்ப மெல்லிசா விழுமாமே? கண்ணு தெளிவா இருந்தா காது கலங்கிடும். பாஸ்போர்ட் படத்துக்குக் காது தெரியணும்னு கேக்கறாங்களே?"

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"காது," என்றார்.

காதிலேயே எட்டு மாதம் போனது. லென்ஸின் துளையைச் சுருக்கினால் காதும் தெளிவாகும் என்று கண்டுபிடித்து ஓடிவந்தார். "அப்ப வெளிச்சம் குறையுமே, நம்ம ஃபிளாஷ் பத்துமா?" என்றேன். ஐந்து மாதம். பிறகு, அவ்வளவு பெரிய ஃபைலை நம் கம்ப்யூட்டர் தாங்குமா என்றேன். அதைக் கேட்டு கம்ப்யூட்டரே ஒருமுறை நின்றுபோனது.

"மூணு வார்த்தை சேர்ந்தாப்பல பேசாத பொண்ணு," என்றாள் சித்தி. "லென்ஸுன்னா மட்டும் வக்கீலாயிடறா."

"அவ வாயத் தெறந்தா முத்துடீ," என்றார் சித்தப்பா. "வாங்கிட்டு அப்புறம் முழிக்காம காப்பாத்தறா."

முத்துகளை எல்லாம் நான் முன்கூட்டியே கோத்து வைத்திருந்தேன். ஏழாவது நோட்டின் தலைப்பு: 'அடுத்து கேட்க வேண்டிய சந்தேகங்கள்'. வரிசை எண்ணோடு. கேட்டு முடித்தவற்றுக்கு டிக்.

சித்தி நடித்துக் காட்டுவாளே என்பதல்ல என் பயம். சித்தப்பா அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. நான் சொல்வதைக் கேட்டு யோசித்த ஒரே மனுஷர் அவர். அந்த யோசனையில் மூன்று வருஷத்தை நான் தின்றிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது.

காகிதம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பெட்டிக்குள் வைத்தால் மெல்ல மெல்ல மூச்சாக விடும் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது. போன மாதம் மூன்று நோட்டு எழுதித் தள்ளிவிட்டேன். பெட்டி திணறுகிறது.

5

வருகிற வியாழக்கிழமை விற்பனையாளர் கேமரா பாடியையும் நூற்றுப்பத்து எம்எம் லென்ஸையும் எடுத்துக்கொண்டு வருகிறார். சித்தப்பா முடிவெடுத்துவிட்டார். மிச்சம் இருந்த ஒரே தடை, ஐம்பதைத் தாண்டக் கூடாத இடத்தில் நிற்கும் அந்த ஐம்பத்தெட்டு. மெக்கானிக்குக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"உள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"கேமரா?"

"அது வெளிய ஒட்டியிருக்கு."



"துணி, காகிதம் ஏதாச்சும்?"

"காலிப் பெட்டிங்க. வெறும் காத்துதான் இருக்கு."

"அப்ப காத்தை மாத்திடலாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வர்றேன்."

6

முடிவுகள். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. மெக்கானிக் திறக்கிறார். பத்து நோட்டுகளையும் பெட்டியோடு வந்த ஈரம் உறிஞ்சும் அட்டைகள் என்று நினைத்து, "இது பழசாயிடுச்சு, புதுசா பத்து வாங்கி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போகிறார். சித்தப்பா பத்து நோட்டு வாங்கிவருகிறார். கோடு போட்டது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நடக்காது.)

ஆ. சித்தி கல்லாவில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாள். படம் எடுக்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஏழாவது நோட்டு வந்ததும் அவள் குரல்...

இ. சித்தப்பாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். நான் பேசவேண்டும் என்பதற்காகத்தான் அவர் வாங்காமலே இருந்தார். (சர்க்கரை அதிகம். அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படிதான் அடித்திருக்கிறேன்.)

'இவ்வளவு எதற்கு, இப்போதே நோட்டுகளை எடுத்துவிட வேண்டியதுதானே?' என்பீர்கள். இன்று மதியம் அவர்கள் சாப்பிடப் போனதும் திறந்தேன். தாள்கள் சருகுபோல் மொடமொடத்தன. ஏழாவதை உருவினேன். நாற்பத்தொரு சந்தேகங்கள். முப்பத்தெட்டுக்கு டிக். மிச்சம் மூன்று.

முன்வாசலில் செருப்புச் சத்தம். கதவைச் சாத்தினேன். நோட்டு என் கையிலேயே தங்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சித்தப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உன்னைத்தாம்மா தேடிட்டு வந்தேன். இன்னும் ஏதாவது சந்தேகம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. வியாழக்கிழமை வரவேணாம்னு அவருக்குச் சொல்லிடறேன்."

முப்பத்தொன்பதாவது என் நாக்கு நுனியில் இருந்தது. லென்ஸின் எடைக்கு நம் ட்ரைபாட் சாயுமா என்பது. குறைந்தது நாலு மாதம் ஓடும். அவர் காத்திருந்தார். நான் என்ன சொன்னாலும் நம்புவார் என்பது முகத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நாலு மாதத்தை எடுக்க முடியவில்லை.

"இல்ல சித்தப்பா."

"நெஜமாவா?"

"நெஜமா. வாங்குங்க. அந்த லென்ஸ் அந்த பாடிக்குச் சரியா இருக்கும்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பயந்துபோய்விட்டார். இனி வாங்கியே ஆகவேண்டுமே. ஸ்டூலில் உட்கார்ந்து, ஒட்டியிருந்த காகித லென்ஸைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

7

அவர் போனதும் ஏழாவதைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தேன். ஒளிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். இந்த நோட்டும் இன்று சாயங்காலம் உள்ளே போகும். மீட்டர் அறுபதைத் தொடலாம். மெக்கானிக்குக்கு வேலை இருக்கவேண்டாமா?

பதினொரு மணிக்குமேல் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நோட்டு உள்ளே, நான் வெளியே. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பெட்டி திறந்திருக்கிறது. திறந்தது யார் என்பதும், அருகில் யார் நிற்கிறார்கள் என்பதும், அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் என்றால்: மன்னிக்கவும், காற்றில் தப்பில்லை.

சித்தி என்றால்: மூன்றாவது நோட்டில் நீங்கள் செத்துப்போகிறீர்கள். ஐந்தாவதில் திரும்ப வந்துவிடுகிறீர்கள். நடுவில் நிறுத்திவிடவேண்டாம்.

சித்தப்பா என்றால்: மேலே இருக்கும் ஏழாவதை முதலில் படியுங்கள். டிக் போடாதவை இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றைக் கேமரா வாங்கிய பிறகும் பேசலாம்.

கீழே நாலு வரி காலியாக விட்டிருக்கிறேன். திறந்தவர் முடித்துவைக்கவும். பேனாவையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் எதுவும் காய்ந்துவிடும். நன்றாக உதறிவிட்டு எழுதுங்கள்.