பாடாமல் விட்ட வசை

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. வெயில் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு வருஷம் முழுக்க ஒரே ஒரு வசைப்பாட்டைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தாளே, அந்த செர்வாவின் கதை. இதில் பொய் இருந்தால் என் வாயோடு போகட்டும். மெய் இருந்தால் உங்கள் மடியில் முடிந்துகொள்ளுங்கள்.

லாரி நிலையத்து வாசலில் செர்வா பெருவள்ளிக்கிழங்கைப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டையும் எண்ணெயில் போடும்போது உதடு முணுமுணுத்தது. பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் சீவி விற்கும் ஃபொசுவாவுக்கு அந்த முணுமுணுப்பு பழகிப்போயிருந்தது.

"எண்ணெயை ஏண்டி திட்டுற? அது உன் நாத்தனார் இல்ல" என்றாள்.

செர்வா சிரிக்கவில்லை. இன்னும் இரண்டே நாளில் அபோ. ஆண்டு முடியும்போது எங்கள் ஊர் எவர் முகத்துக்கு நேரேயும் எதையும் சொல்ல விடும் நாள் அது. ஊர்த்தலைவரையே பாட்டுக் கட்டிக் கிழிக்கலாம். கேட்பவர் கோபப்படக் கூடாது. மறுநாள் எல்லோரும் தானோ என்கிற எங்கள் ஆற்றில் முழுகிப் புது வருஷத்துக்குள் காலெடுத்து வைப்பார்கள். பாடித் தீர்த்த குற்றத்தை அதன்பின் யாரும் கிளறுவதில்லை.

அவளுக்கு நடந்தது இதுதான். போன வருஷம் புருஷன் ஓப்போங் செத்தான். அடக்கம் செய்யும் அன்று, அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தவளிடம் அவனுடைய அக்கா போமா ஒரு காகிதத்தை நீட்டினாள். அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு என்றாள். எழுத்தறியாத செர்வா கட்டைவிரலை வைத்தாள். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுகாலையில் அவளுடைய பாயும் சட்டியும் தெருவில் கிடந்தன. கேட்டதற்கு, அந்தக் காகிதத்தின் நகலை முகத்தில் விட்டெறிந்து, உன் கைநாட்டைப் பார்த்துக்கொள் என்றாள் போமா. பன்னிரண்டு வருஷம் செர்வா தலையில் நாற்று சுமந்து வளர்த்த கோக்கோத் தோட்டமும் அந்தக் காகிதத்தோடு போயிற்று.

அன்றைக்குப் பிடித்த வெறிதான். வாடகை அறையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கட்டினாள். 'செத்தவன் சூடு ஆறுமுன்னே சுவரை அளந்தவளே, பல்லியும் வெட்கப்படும் உன் பல்லிளிப்புக்கு' என்று ஒரு வரி. அதைவிடக் கூர்மையான வரிகள் அந்தக் காகிதத்துக்குள் இருக்குமென்று தோன்றியது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. தேவாலயக் கொட்டகையில் பெரியவர்களுக்கு நடந்த எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தாள். நாற்பத்தொரு வயதில், எண்ணெய் நாறும் விரலால் சிலேட்டில் கோடு கிழித்தாள். எட்டாவது மாதம் அந்தக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'என் மனமார வீட்டையும் தோட்டத்தையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்றிருந்தது. படித்ததும் 'மனமார' என்ற சொல்லைத் தூக்கிப் பாட்டில் வைத்துக்கொண்டாள். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. பாருங்கள், கையில் அரிவாளை வைத்துக்கொண்டு நகத்தால் கீறப் போனவள் அவள்.

அபோவுக்கு முந்தின நாள் மத்தியானம் போமாவே கிழங்குச் சட்டிக்கு எதிரே வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று ஃபொசுவா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். போமாவோ குரலைத் தாழ்த்தி, சிரிக்கக்கூடச் செய்தாள்.

"நீ பாட்டு கட்டியிருக்கியாமே செர்வா. நாளைக்கு நல்லா பாடிடு, ஒண்ணும் மிச்சம் வைக்காத. ஒரு வருஷமா எனக்குத் தூக்கமில்ல. தம்பி கனவுல வந்து வந்து நிக்கிறான். நீ பாடிட்டேன்னா ஆத்துல முழுகிட்டு நிம்மதியா இருப்பேன்."

போமா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, மேலே பேசினாள். எங்கள் சித்தப்பா செத்தபோதும் அவர் பெண்டாட்டியை இப்படித்தான் கைநாட்டு வாங்கி வெளியே அனுப்பினோம், அவளும் அபோவில் பாடினாள், ஊர் சிரித்தது, ஆற்றோடு போயிற்று, வீடு எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

கிழங்கு கருகியதைக்கூட செர்வா கவனிக்கவில்லை. போன வருஷம் இதே நாளில் என்னவாக இருந்தோம், இன்று என்னவாக இருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். பாட்டு ஒன்றுதான் இந்த வருஷத்து விளைச்சல் என்று நம்பியிருந்தாள். அந்தப் பாட்டு எதிரியைக் குளிப்பாட்டும் தண்ணீர் என்று இப்போது தெரிந்தது. அப்படியானால் மிச்சம் என்ன? மடியில் முடிந்திருந்த காகிதத்தை எடுத்தாள். பாட்டுக்கு வரி தேடாமல் முதல்முறையாக முழுசும் படித்தாள். கீழே தேதி இருந்தது. புருஷன் பிணம் கூடத்தில் கிடந்த நாள். அன்றைக்கு எந்த மனைவி மனமார வீடு கொடுப்பாள்? வயிற்றுக்குள் எரிந்த நெருப்பு அணையவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. கடையை ஃபொசுவாவிடம் விட்டுவிட்டு நேரே நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டாள்.

மறுநாள் தலைவர் மாளிகைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. மேளம் அதிர்ந்தது. தண்ணீர்க் குழாய் போடாத அதிகாரியைப் பாடினார்கள், எடையில் ஏமாற்றும் மீன்காரியைப் பாடினார்கள். செர்வாவின் முறை வந்ததும் கூட்டம் முன்னால் நெருக்கியது. எதிரே போமா, மறுநாள் முழுகுவதற்கென்று எடுத்த வெள்ளைத் துணியை அன்றைக்கே உடுத்தி நின்றாள்.

செர்வா அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"நான் பாட வரல" என்றாள்.

போமாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "என்னடி விளையாடுற? பாடு. திட்டு."

"மாட்டேன் மதினி."

"ஒரு வரியாவது பாடுடி. ஊரே கேக்குது."

"பதினோரு வரி வச்சிருக்கேன். ஒண்ணுகூட உங்களுக்குக் கிடையாது. உங்க அழுக்கைத் துவைக்கிறதுக்கா ஒரு வருஷம் நான் எண்ணெயில வெந்தேன்? ஆத்துல போயி எவ்வளவு வேணா முழுகுங்க. நான் சொல்ல வேண்டியத திங்கக்கிழமை நீதிபதிகிட்ட சொல்றேன். அங்க எழுதிக்குவாங்க. எழுதினதை எந்த ஆறும் கழுவாது."

போமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டச் சொல்லிக் கெஞ்சினாள். எங்கள் ஊரில் வசையைப் பிச்சையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். செர்வா கையை விடுவித்துக்கொண்டாள். அந்தக் கெஞ்சல் நெஞ்சுக்குள் இறங்கியபோது எவ்வளவு இனித்தது என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் போமாவின் சித்தப்பா பெண்டாட்டி, முன்னே பாடி ஏமாந்தவள், நின்றிருந்தாள். செர்வா அவளிடம் போய், புது வருஷத்துக்கு எனக்கு இரண்டு வேலை இருக்கிறது, ஒன்று என் வீடு, இன்னொன்று உங்கள் காகிதம், எடுத்துக்கொண்டு வாருங்கள், படித்துப் பார்ப்போம் என்றாள். அந்த அம்மாள் தயங்கினாள். அதுதான் பாடியாகிவிட்டதே என்றாள்.

"பாடினா மனசு ஆறும், அவ்வளவுதான்" என்றாள் செர்வா. "வருஷத்துக்கு ஒரு நாள் திட்ட விட்டுட்டு மத்த நாளெல்லாம் நம்மளக் கொள்ளையடிக்கிறாங்க. படிக்காத காகிதத்துல விரல வைக்கக் கூடாது. வச்சிட்டா, அதைப் படிக்கக் கத்துக்கிட்டுப் போயி நியாயம் கேக்கணும். அதுதான் நாம பழி வாங்குற விதம்."

வழக்கு நடக்கிறது, கண்ணுகளா. போமாவுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை என்று கேள்வி.

போய் வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரியட்டும். உங்கள் வீட்டுக்குள் வாழ வந்தவளை வாசலுக்குத் தள்ளும் கை உங்கள் குடும்பத்தில் பிறக்காதிருக்கட்டும். தானியமும் சிரிப்பும் நிறைந்து, உங்கள் கதவு உங்களுக்கே திறக்கட்டும்.