நான்கு நொடி வெயில்

அக்காவை உட்காரவைக்க இடம் தேடியபோதுதான், எங்கள் ஆபீசில் இருக்கும் அத்தனை நாற்காலிக்கும் சக்கரம் உண்டு என்பது எனக்கு உறைத்தது. அவள் தடவிப் பிடிக்கப் போக, அது நழுவி ஓடியது. "என்னடா இது, உட்காரவிடாம ஓடுது" என்று சிரித்தாள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது, தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். இன்னும் பேப்பர் படிக்கிறேன், நீ கவலைப்படாதே என்பாள் போனில். நானும் நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

நான் அனிமேஷன் படங்களுக்கு வெளிச்சம் அமைக்கிறவன். ஆறு வருஷம் அடுத்தவர் காட்சிக்கு ஒட்டுப்போட்ட பிறகு, முதல்முறையாக ஒரு காட்சி முழுசாக என் கைக்கு வந்தது. நான்கே நொடி. வெயிலில் காயும் ஈரத்துணிகளுக்கு நடுவே ஒரு சிறுமி நடந்து வருவாள், அவ்வளவுதான். கண் போவதற்குள் அக்கா அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். வேறு யாருக்குக் காட்ட?

நான்கு நொடிக்குத் தொண்ணூற்றாறு படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்து முடிக்க ஒன்பது மணி நேரம். இதைச் சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது.

"சுவிட்சைப் போட்டா வெளிச்சம் வந்துடுது. உன் மிஷினுக்கு மட்டும் ஒன்பது மணி நேரமா? யாரோ உன்னை நல்லா ஏமாத்துறாங்க."

நானும் சளைக்காமல் விளக்குவேன். நிஜ வெயிலுக்குத் தன் வழி தெரியும், கம்ப்யூட்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, உனக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஆயிரம் தடவை விசாரிக்க வேண்டும். துணிக்குள் புகுந்தா, சுவரில் பட்டுத் திரும்பியா, அந்தச் சிறுமியின் தலைமுடி ஒவ்வொன்றிலும் இடறியா என்று. குறைவாக விசாரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் தெரியாத இடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கும், படம் முழுக்க மணலை வாரி இறைத்தது போலிருக்கும்.

மற்ற காட்சிகள் குறுக்கே புகுந்ததில், மூன்று வாரமாகியும் நாற்பது படம்தான் முடிந்திருந்தது. அடுத்த மாதம் வா என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்தான், அவ்வளவு தூரம் வந்தவரை வெறுமனே அனுப்பாதே, சோதனைக்கு ஓட்டியதையாவது காட்டு என்றார். ஒரு புள்ளிக்கு நாலே தடவை விசாரித்து அவசரமாக முடித்த முழுக் காட்சி அது. சொல்ல வேண்டிய சமாதானங்களை எல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு அதை ஓடவிட்டேன்.

அக்கா முந்திக்கொண்டாள்.

"எவ்வளவு சுத்தமா வந்திருக்குடா. ஒரு பொட்டு அழுக்கு இல்ல."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மணல். துணியில், சுவரில், அந்தச் சிறுமியின் முகமே தெரியாத அளவுக்கு மணல். சின்னக் குழந்தைகூட முதலில் அதைத்தான் கேட்கும். பேப்பர் படிக்கிறேன் என்று எத்தனை மாதமாக என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாளோ.

"இதுக்குத்தானே இத்தனை நாளாச்சு?" என்றாள்.

"ஆமாக்கா."

"அது தெரியாம உன்னைக் கிண்டல் பண்ணிட்டிருந்தேன். இன்னொரு தடவை போடு."

போட்டேன். இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்காமல் முகத்தைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். அலுத்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவள் பார்வையில் மிச்சம் இருப்பது ஓரம் மட்டும்தான்.

"வர்றா, வர்றா" என்றாள், வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி. "திரும்பப் போடு."

நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.