நம்பர் பார்த்து வாங்கிய வண்டி

சரவணக்குமார் அந்த வெள்ளை பிக்கப் வண்டியின் பானட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நேராக முன்னால் போய் நின்று நம்பர் பிளேட்டைப் பார்த்தான். உதடு அசைய நாலு எண்ணையும் கூட்டினான். பதினேழு வந்தது. ஒன்றும் ஏழும் எட்டு. பச்சை மிளகாயைக் கடித்தவன்போல முகம் சுருங்கிப் போயிற்று.

"இது வேணாங்க. வேற இருந்தா காட்டுங்க."

புதுக்கோட்டைக்கு வெளியே, தஞ்சாவூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய வண்டி விற்கும் நாகராசு அவனை ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி சிவரஞ்சனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, இப்பத்தானே நான் ஓட்டிப் பாத்தேன்? மிதிச்ச எடத்துல நிக்குது. கலவை மெஷின் மாட்டுற கொக்கிய சேஸிஸோட போல்ட்டு போட்டு இறுக்கியிருக்காங்க. நம்ம கைக்கு அடங்குற வெலை. இன்னும் என்ன வேணும்?"

"கூட்டுனா எட்டு வருது."

"வந்தா வந்துட்டுப் போகுது!"

"எட்டு சனி. ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு."

சிவரஞ்சனி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்குக் கூட்டல் தெரியாது என்று அவன் சொன்னான்.

சரவணக்குமாரும் படிக்காதவன் இல்லை. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டுத் திருவரங்குளம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர். ஊரே அவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடும். எந்தத் தூணுக்கு எந்தக் கம்பி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். மண்ணைச் சோதிக்காமல் அஸ்திவாரம் தோண்ட விடமாட்டான். அப்படிப்பட்ட ஆளுக்கு வண்டி வாங்க வந்த இடத்தில் மட்டும் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவனுக்குத் தேவை தினமும் ஓடுகிற வண்டி. காலையில் வேலையாட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கலவை மெஷினைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எல்லாரும் ஏற்றுகிறார்கள், இவனும் ஏற்றுவான். ஆக, இவன் வாங்கப் போகிற வண்டியின் பிரேக்கை நம்பித்தான் பின்னால் உட்காருகிற அத்தனை பேரின் உயிரும் இருக்கப் போகிறது. அதற்காகத்தான் சிவரஞ்சனி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள்.

நாகராசுக்கு ஆளைப் படிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வண்டியைப் பார்க்கத் தெரிந்தவனிடம்தான் அவனுக்குப் பயம். நம்பரைப் பார்க்கிறவன் வந்தால் அன்றைக்குத் தீபாவளி.

"சார் வெவரமான ஆளு. எட்டாம் நம்பர் வண்டிய எந்தலையில கட்டுனவன நானே திட்டிக்கிட்டு இருக்கேன். அதான் வெலைய கொறைச்சுச் சொல்றேன். இங்கிட்டு வாங்க, ஒங்களுக்குன்னே ஒன்னு நிக்குது."

கொட்டகையின் பின்பக்கம் ஒரு நீல வண்டி பளபளவென்று நின்றது. புதுப் பெயிண்ட் வாசனை போகவில்லை. சரவணக்குமார் கூட்டினான். ஆறு. சுக்கிரன்! முகம் மலர்ந்துவிட்டது.

சிவரஞ்சனி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "இந்தக் கொக்கி என்னங்க, சும்மா பத்த வச்சு விட்டாப்புல இருக்கு? அடியிலயும் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, எதுக்கு? மெஷின மாட்டி நம்ம ஊரு வரைக்கும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"தங்கச்சி, ராகு காலம் வரப்போகுது. அதுக்குள்ள அட்வான்ஸ் கைமாறிடணும்னு பாத்தேன். சந்தேகம்னா விட்டுடுங்க, ஆவுடையார்கோவில்லேருந்து ஒரு பார்ட்டி வந்துக்கிட்டே இருக்கு" என்றான் நாகராசு.

சரவணக்குமார் மனைவியைப் பார்த்துச் சீறினான். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கொறை சொல்லிக்கிட்டே இருப்பியா? வாய மூடிக்கிட்டு இரு."

கட்டடத்தில் ஒரு செங்கல் பிசகினால் இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்கிறவன், ராகு காலத்துக்குப் பயந்து ஒரு தடவைகூட பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் வண்டியை வாங்கிவிட்டான்.

மறுநாள் கோயில் வாசலில் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், முன்னால் திருஷ்டிக் கயிறு. வேலையாட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அமுதவல்லி சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு, "நல்லா ஓடணும் தம்பி" என்று மனசார வாழ்த்தினாள். புருஷனைப் பறிகொடுத்த பிறகு சித்தாள் வேலை பார்த்தே மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தவள் அவள். கலவைச் சட்டியை அவள் தூக்குகிற வேகத்துக்கு ஆம்பிளை ஆட்களே ஈடு கொடுக்க முடியாது. வண்டியில் எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவாள், ஓரத்தில்தான் உட்காருவாள்.

நீல வண்டி கொஞ்ச நாள் ஓடியது. பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடித்தது. "மிதிக்க மிதிக்கச் சரியாயிடும்" என்று அவனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒர்க் ஷாப்பில் விடச் சொன்ன சிவரஞ்சனியிடம், "ராசியான வண்டி, கை வைக்க வேணாம்" என்றான்.

அன்று கான்கிரீட் போடும் நாள். பின்னால் ஆட்கள், அவர்களுக்கும் பின்னால் கலவை மெஷின். கண்மாய்க் கரைமேல் ஏறிய வண்டி, மறுபக்கம் வயல்காட்டுக்குள் இறங்கும் சரிவில் திரும்பியது. சரவணக்குமார் பிரேக்கை மிதித்தான். கால் தடையில்லாமல் அடிவரை போயிற்று. மறுபடி மிதித்தான். ஒன்றுமே இல்லை. மெஷினின் கனம் வண்டியைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. பெண்கள் அலறினார்கள். சரிவின் அடியில் வண்டி வரப்பை இடித்து நின்றபோது, ஒட்டவைத்த கொக்கி பிய்ந்து மெஷின் ஒருபக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் வயலில் தூக்கி எறியப்பட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அமுதவல்லியின் கால் மட்டும் மெஷினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

உயிர் பிழைத்தாள். கால் எலும்பு நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துக் கட்டிய டாக்டர், இனிமேல் தலையில் சுமை ஏற்றுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தபோது, பெயிண்டுக்கு அடியில் பிரேக் குழாய் துருப்பிடித்து, ஓட்டை விழுந்த இடத்தில் ஏதோ பசையைப் பூசி மறைத்திருந்தது தெரிந்தது. சரவணக்குமார் ரத்தம் கொதிக்க நாகராசின் கொட்டகைக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்டா, ஓட்டையப் பூசியா எந்தலையில கட்டுன?"

நாகராசு கொஞ்சமும் பதறவில்லை. "சார், வண்டி என்ன நம்பரு? ஆறு. நீங்கதானே கூட்டிப் பாத்தீங்க? ஆறாம் நம்பரு ஆள அடிக்குமா? நல்லா யோசிச்சுப் பாருங்க. பூசை அன்னைக்கு வண்டிக்கு முன்னால மொதல்ல வந்து நின்னது யாரு?"

சரவணக்குமார் யோசித்தான். பாவி, யோசித்தான்! சர்க்கரைப் பொங்கலோடு நின்ற அமுதவல்லியின் வெறும் நெற்றி நினைவுக்கு வந்தது. பிடித்த சட்டையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

ஏமாற்றினவன் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அன்று சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து, "தாலி அறுத்தவங்கள பூசையில நிக்க விட்டது எந்தப்பு" என்று சரவணக்குமார் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த நாள் அந்தப் பேச்சு வேலையாட்கள் காதுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லியனுப்பினார்கள்.

சிவரஞ்சனிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் அழவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை நங்கென்று கீழே வைத்தாள்.

"ஒங்ககூட ஒரே வீட்டுல இருக்கவே கூசுது. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு. அவங்க மொகத்தப் பாத்து இதைச் சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா நான் ஒத்துக்கிறேன்."

வார்டில் அமுதவல்லியைச் சுற்றி வேலையாட்கள் சிலர் நின்றிருந்தார்கள். சரவணக்குமார் பழப் பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"எதுக்கு வந்த? ராசி கெட்டவ மொகத்துல முழிச்சா ஒனக்கு ஆகாதே."

"இல்லக்கா... எல்லாம் நேரம்..."

"நிறுத்து!" வார்டே திரும்பிப் பார்த்தது. "எம்புருசன் கரண்ட் அடிச்சுச் செத்தாரு. வயரு அந்து கெடந்துச்சு. அத யாரும் கேக்கல, என் ராசின்னாங்க. நானும் அப்ப வெவரம் பத்தாம அழுதுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப ஒன் வண்டியில பிரேக்கு இல்ல. அதுக்கும் என் ராசியா? நம்பரக் கூட்டிக் கூட்டிப் பாத்தியே இன்ஜினியரு, ஒரு தடவ பிரேக்க மிதிச்சுப் பாத்தியா? வித்தவன ஒரு வார்த்தை கேட்டியா? அவன விட்டுட்டு, காலு போயிக் கெடக்குற எந்தலையில கொண்டாந்து பழிய எறக்குற. எங்காலு போனதுகூட பரவால்ல. எம்மக கல்யாணத்தையும்ல சேத்து ஒடைச்சுட்ட!"

சரவணக்குமார் கட்டுப்போட்ட அந்தக் காலைப் பார்த்தான். துருப்பிடித்த குழாயைத் தன் கண்ணால் பார்த்தும், பிடித்த சட்டையைத் தானே விட்டுவிட்டு வந்ததை நினைத்தபோது அவமானத்தில் உடம்பு கூசியது. கண் கலங்கிவிட்டது.

"தப்பு என்னுதுதாங்க்கா. மன்னிச்சுருங்க. ஆஸ்பத்திரிச் செலவு, ஒங்க மக படிப்பு எல்லாம் எம்பொறுப்பு."

"அதெல்லாம் நீ செஞ்சுதான் ஆகணும், அது ஒன் கடமை. ஆனா மன்னிப்ப எங்காதுல மட்டும் சொன்னா எனக்கு என்ன பிரயோசனம்? எங்க ஒக்காந்து என்னைய ராசி கெட்டவன்னு சொன்னியோ, அங்க போயி இதைச் சொல்லு. அதுவரைக்கும் இங்கிட்டு வராத."

அவன் போலீஸ் ஸ்டேஷனில் நாகராசு மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக டீக்கடைக்குப் போனான். சாயங்காலக் கூட்டம் நிறைந்திருந்தது. உட்காராமல் நின்றபடியே எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அமுதவல்லியக்கா ராசியில ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது அயோக்கியத்தனம். நல்ல பிரேக்கு உள்ள வண்டிய எட்டாம் நம்பருன்னு தள்ளிவிட்டவன் நான். ராகு காலத்துக்குப் பயந்து ஓட்டிப் பாக்காம இந்த எமன வாங்குனவன் நான். சரக்கு வண்டியில ஆள ஏத்துனவனும் நான்தான். இனிமே ஒருத்தரையும் பின்னால ஏத்த மாட்டேன். வண்டி வாங்கப் போறவங்க பிரேக்கப் பாருங்க, டயரப் பாருங்க, அடியில குனிஞ்சு பாருங்க. நம்பரையும் நேரத்தையும் பாக்காதீங்க. நாம ராசி பாத்துக்கிட்டு நின்னா திருடன் தப்பிச்சுடுவான், ஒரு பாவமும் அறியாத பொம்பள தலையில பழி விழும்."

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் பரிதாபமாக உச்சுக்கொட்டினார்.

"விடுங்க இன்ஜினியரு, மனச போட்டு ஒழப்பிக்காதீங்க. எல்லாம் ஒங்க நேரம்."

சரவணக்குமார் கத்தியே விட்டான்.

"நேரம் இல்லய்யா! பிரேக்கு! பிரேக்கு இல்ல!"